நாக்கு இல்லாத ஆலயமணி

கேளுங்கள், அன்புக் குழந்தைகளே. அவர்களை அழைத்து வந்த பெரியவர்களே, நீங்களும் கேளுங்கள்.

ஆயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டாம் ஆண்டு, தை மாதம் ஏழாம் நாள். அன்று காலை காற்று சிறிதும் அசையவில்லை. பவளத்துறை என்னும் கடற்கரை ஊரை அடர்ந்த மூடுபனி சூழ்ந்திருந்தது.

அவ்வூர் ஆலயத்தின் முற்றத்தில், உயர்ந்த தூண் ஒன்றில், வெண்கல மணி தொங்கியது. அது செபத்திற்கு அழைக்கும்; இறந்தவருக்காக அழும்; பனி மூடினால் கடலில் இருப்பவர்களுக்குக் கரையைக் காட்டும்.

ஆனால், இரண்டு மாதங்களாக அம்மணி ஒலிக்கவில்லை. ஏன் தெரியுமா?

திருவிழாப் பவனி ஓராண்டு வடக்குத் தெருவில் தொடங்கும். மறு ஆண்டு தெற்குத் தெருவில் தொடங்கும். வடக்குத் தெருவின் முறை வந்த ஆண்டில் பெருமழை பெய்தது, பவனியே நடக்கவில்லை.

"எங்கள் முறை இன்னும் தீரவில்லை" என்றனர் வடக்குத் தெருவினர், அடுத்த ஆண்டில்.

"தீர்ந்தது. மழைக்கு நாங்களா பொறுப்பு?" என்றனர் தெற்குத் தெருவினர்.

சபை இரண்டுபட்டது. தெற்குத் தெருவினர் மணியடித்துப் பவனியைத் தொடங்காதபடி, வடக்குத் தெருவின் தலைவர் சந்தியாகு மணிக்குக் காவல் நின்றார். அவர் கண்ணயர்ந்த ஓர் இரவில், தெற்குத் தெருவின் தலைவர் கஸ்பார், மணிக்குள் ஆடி ஒலியெழுப்பும் நாக்கைக் கழற்றிச் சென்று, தம் வீட்டுப் பரணில் வைத்தார். ஒரே பீடத்தின் முன் ஒரு சாரார் காலையிலும் மறு சாரார் மாலையிலும் செபித்தனர். இரு சாராரும் சமாதானத்திற்காகவே செபித்தனர் என்பதுதான் வேடிக்கை!

கட்டுமரத்தில் மட்டும் தெருக்கள் இல்லை. கஸ்பாரின் மகன் லாசரும் சந்தியாகுவின் மகன் இன்னாசியும் அன்று விடியுமுன் ஒன்றாகவே கடலுக்குச் சென்றிருந்தனர். லாசரின் மனைவி மதலேனாள் இன்னாசியின் அக்காள். பனியில் வழி தெரியாமல் கட்டுமரம் கரையருகே உள்ள பாறைகளில் மோதிவிடுமே என்று அவள் அஞ்சினாள்.

முதலில் அவள் தன் மாமனாரிடம் ஓடினாள்.

"மாமா, அந்த நாக்கக் குடுங்க. உங்க மகன் கடல்ல இருக்காரு."

"உங்கப்பன் வந்து கேக்கட்டும்" என்றார் கஸ்பார்.

அடுத்துத் தந்தையிடம் ஓடினாள். அவர் நங்கூரக்கல்லைக் கயிற்றில் கட்டி வீசி, உயரத்தில் தொங்கிய மணியை 'டொக், டொக்' என்று அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இது பக்கத்து வீட்டுக்கே கேக்காது! நீங்க மாமாகிட்டப் போய் நாக்கக் கேளுங்க."

"கழட்டுனவரு கொண்டு வரட்டும்" என்றார் சந்தியாகு.

மூன்றாவதாக அவள் கடலிடம் ஓடினாள். இடுப்பளவு நீரில் நின்று, "இன்னாசி!" என்று கூவினாள். பிறகு, திருமணமான நாள் முதல் ஒருமுறையும் கணவர் பெயரைச் சொல்லாத அவள், "லாசர்! லாசர்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

அக்குரல் இரண்டு தெருக்களுக்கும் கேட்டது. கஸ்பார் பரணில் ஏறினார். இரும்பு நாக்கைத் தோளில் சுமந்துகொண்டு ஆலயத்திற்கு ஓடிவந்தார். ஏணி தேட நேரமில்லை. சந்தியாகு குனிந்தார். கஸ்பார் அவர் தோள்மீது ஏறினார்.

"என்ன கனம், சம்பந்தி! வீட்டுல சோத்துப்பானைய மிச்சம் வச்சீரா?" என்றார் சந்தியாகு.

"நீரு ஆடாம நில்லும். சண்டையப் பெறவு போடலாம்."

நாக்கைக் கட்டி முடித்து, இருவரும் சேர்ந்து மணிக்கயிற்றை இழுத்தனர். முதல் ஒலிக்கு மறுமொழி இல்லை. இரண்டாம் ஒலிக்கும் இல்லை. மூன்றாம் ஒலிக்குப் பின், பனிக்குள்ளிருந்து, "அக்கா! நாங்க வர்றோம்! மணிய நிறுத்தாதீங்க!" என்று இன்னாசியின் குரல் கேட்டது. கட்டுமரம் கரையேறும்வரை அவர்கள் நிறுத்தவில்லை.

அன்று மாலை இரண்டு தெருவினரும் ஒன்றாக முழந்தாளிட்டுச் செபித்தனர். அடுத்த திருவிழாவிலிருந்து பவனி மணித்தூணின் அடியிலேயே தொடங்கியது. நங்கூரக்கல் பட்ட இடத்தில் மணி சிறிது நசுங்கியிருந்தது. அதன் ஒலியில் கடைசிவரை ஒரு கரகரப்பு இருந்தது. அதை மாற்றி வார்க்க எவரும் விரும்பவில்லை.

ஒரே ஆண்டவரை நம்புவோர் பிரிந்து நின்றால், அவரவரிடம் உள்ள நன்மையும் எவருக்கும் பயன்படாமல் போகும்.