இரண்டு முறை திறந்த மதகு

ஆனைமடு ஏரிக்கரையில் கருக்கன் என்றொரு மரநாய் வாழ்ந்தது. தன் மூளைமேல் அதற்கு அளவில்லாத பெருமை.

ஏரியின் மதகைத் திறந்து மூட ஒரு கணினி இருந்தது. அந்தக் கணினிக்கு லிஸ்ப் என்ற நிரல்மொழி மட்டும்தான் புரியும். காட்டில் லிஸ்ப் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று கருக்கன். இன்னொன்று ஊசிமல்லி என்ற முள்ளம்பன்றி.

கோடை வந்தது. ஓடை வற்றியது. விலங்குகள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. தினமும் காலையில் மதகை ஒரு சாண் திறந்து, மாலையில் மூட வேண்டும். தண்ணீர் போகும் வேகத்தை அளக்க வேண்டும். இன்றைய வேகம், நேற்றைய வேகம் இரண்டில் எது பெரியதோ அதைப் பலகையில் காட்ட வேண்டும். அந்த எண் சிறியதாக இருந்தால்தான் மான்கள் ஓடையில் இறங்கும்.

நிரல் எழுதும் வேலை கருக்கனிடம் வந்தது. நிரலையே மாற்றி எழுதும் மேக்ரோ என்ற உத்தியில் அது எழுதத் தொடங்கியது.

ஊசிமல்லி எட்டிப் பார்த்தது. "இரண்டு எண்ணில் பெரியதைச் சொல்ல மேக்ரோ எதற்கு, கருக்கா? ஒரு ஃபங்ஷன் போதுமே!"

"ஃபங்ஷனா? அதை ஒவ்வொரு முறையும் கூப்பிட வேண்டும். அது வந்து, வேலையை முடித்து, திரும்பிப் போக வேண்டும். எவ்வளவு நேரம் வீண்!"

"கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. அதுவும் பொறுக்காதென்றால் இன்லைன் என்று ஒரு வரி சேர்த்துவிடு. வேலை நடக்கும் இடத்திலேயே ஃபங்ஷன் உட்கார்ந்துகொள்ளும். போக்குவரத்து மிச்சம்."

"அதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு, அக்கா! மேக்ரோ அப்படியில்லை. வேலை தொடங்கும் முன்பே என் எழுத்தையே அது மாற்றி எழுதிவிடும். அந்தச் சாமர்த்தியம் வேறெதற்கு உண்டு?"

"மாற்றி எழுதியதை ஒருமுறை விரித்துப் பார்த்தாயா?"

"நான் எழுதியது எனக்குத் தெரியாதா!" என்று வாலை விசிறியது கருக்கன்.

அந்த நேரம் வெண்ணி என்ற ஆள்காட்டிக் குருவி பறந்து வந்தது. ஓடை நடுவே உள்ள மணல்திட்டில் அது நான்கு முட்டை இட்டிருந்தது.

"அண்ணே, ஒரு சாண்தானே திறப்பீர்கள்? ஒரு சாண் என்றால் தண்ணீர் திட்டைத் தொடாது. அதற்குமேல் திறந்தால் என் பிள்ளைகள் போய்விடும்!"

"ஒரு சாண் என்றுதான் எழுதியிருக்கிறேன். நிம்மதியாகப் போய் அடை காத்துக்கொள்!"

மதகின் கைச்சக்கரத்தைச் சுழற்றி ஒரு சாண் திறந்து அளந்த வேகத்தைக் கருக்கன் அன்று நேற்றைய எண்ணாகக் கொடுத்துவைத்தது. மறுநாள் மதகு ஒரு சாண் திறந்தது. பலகையில் எண் வந்தது. அடுத்த நாளும் அப்படியே. ஏரி நாளுக்கு நாள் வற்றியதால் நேற்றைய எண்ணே எப்போதும் பெரியதாக இருந்தது. ஒரு பிசகும் இல்லை. கருக்கன் ஊசிமல்லியைப் பார்க்கும்போதெல்லாம் மீசையை முறுக்கியது.

பிறகு ஒரு நாள் கோடைமழை கொட்டித் தீர்த்தது. ஏரி தளும்பியது.

காலையில் கருக்கன் கணினியின் முன் உட்கார்ந்திருந்தது. மதகு ஒரு சாண் எழும்பியது. தண்ணீர் வேகமாகப் பாய்ந்தது.

மதகு மறுபடியும் ஒரு சாண் எழும்பியது!

கருக்கன் துள்ளி எழுந்தது. "ஐயோ! ஒரு முறைதானே எழுதினேன்! ஒரே ஒரு முறைதானே!"

ஓடையிலிருந்து வெண்ணியின் அலறல் கேட்டது.

ஊசிமல்லி ஓடி வந்து கைச்சக்கரத்தைப் பிடித்து மதகை இறக்கத் தொடங்கியது. கருக்கன் ஓடைக்குப் பாய்ந்தது. திட்டு பாதிக்குமேல் முழுகிவிட்டது. ஒரு முட்டை கண்ணெதிரே உருண்டு போனது. இன்னொன்றைக் காணவே காணோம். கருக்கன் தண்ணீரில் குதித்து, மிச்சமிருந்த இரண்டில் ஒன்றைப் பல் படாமல் கவ்வியது.

வெண்ணி அதைப் பார்த்துவிட்டது. மரநாயின் வாயில் தன் முட்டை!

"பாவி! தின்பதற்குத்தானா இப்படிச் செய்தாய்?"

கருக்கனால் பதில் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் முட்டை போய்விடும். கரையேறி, அதைப் புல்லில் மெல்ல வைத்தது. மறுபடியும் குதித்தது. நான்காவது முட்டையையும் கொண்டு வந்து சேர்த்தது.

தண்ணீர் வடிந்தபோது வெண்ணியிடம் இரண்டு முட்டைகள்தான் மிஞ்சியிருந்தன. அவை மறுபடி திட்டுக்கே போயின.

"எனக்குக் காரணம் தெரிய வேண்டும்," என்றது வெண்ணி.

ஊசிமல்லி கணினியிடம், அந்த மேக்ரோ எழுதியதை விரித்துக் காட்டச் சொன்னது. திரையில் இப்படி வந்தது: 'மதகைத் திறந்து கிடைத்த வேகம் நேற்றையதைவிடப் பெரியதா? ஆம் என்றால், மதகைத் திறந்து கிடைத்த வேகத்தைக் காட்டு. இல்லையென்றால், நேற்றையதைக் காட்டு.'

"இரண்டு இடத்தில் மதகைத் திற என்று இருக்கிறதே!" என்று கத்தியது கருக்கன்.

"ஆமாம். மேக்ரோ உன் எழுத்தை அப்படியே எடுத்து இரண்டு இடத்தில் ஒட்டிவிட்டது. ஏரி வற்றிக்கொண்டிருந்தவரை இரண்டாவது திறப்புக்கு வேலை வரவில்லை. இன்று வந்துவிட்டது. ஃபங்ஷனாக இருந்தால் முதலில் மதகை ஒரு முறை திறந்து, கிடைத்த எண்ணை மட்டும் கையில் வாங்கியிருக்கும். இன்லைன் ஃபங்ஷனும் அப்படித்தான்."

கருக்கன் அந்த மேக்ரோவை அழித்தது. அதே இடத்தில் சாதாரண ஃபங்ஷன் ஒன்றை எழுதியது. பலகையில் எண் வர நேரமானதாக யாருக்கும் தோன்றவில்லை.

வெண்ணி இன்னொன்று கேட்டது. "திட்டில் முட்டை இருக்கும்போது மதகு, வாய்க்கால் கதவு, பம்பு என்று இந்தக் கணினி ஓட்டும் எதுவுமே இயங்கக் கூடாது. முட்டை இருக்கும்வரை நான் ஒரு பொத்தானை அழுத்தி வைக்கிறேன்."

"எழுதித் தருகிறேன். இனி என் ஆயுளில் மேக்ரோ கிடையாது!" என்றது கருக்கன். 'பத்திரமாக' என்று ஒரு ஃபங்ஷன் எழுதியது. எந்த வேலையை அதனிடம் கொடுத்தாலும், முட்டை இல்லையென்றால் மட்டும் அந்த வேலை நடக்க வேண்டும்.

இந்த முறை மதகில் சோதிக்கத் துணிவில்லை. கணினியோடு இணைந்திருந்த மணியை அடிக்கும் வேலையைக் கொடுத்துப் பார்த்தது. வெண்ணி பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றது.

மணி அடித்தது!

மூன்றும் திடுக்கிட்டுப் போயின. "முட்டை இருக்கும்போதே அடிக்கிறதே!" என்று இறக்கையை அடித்துக்கொண்டது வெண்ணி.

ஊசிமல்லிதான் முதலில் தெளிந்தது. "ஃபங்ஷன் தன்னிடம் கொடுத்த வேலையை முதலில் முடித்துவிட்டுத்தான் உள்ளே நுழையும். முட்டை இருக்கிறதா என்று அது சோதிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. வேலையைத் தொடாமல் நிறுத்திவைக்க வேண்டும். வேலையைச் செய்யாமல் எழுத்தை மட்டும் எடுத்து ஒட்டும் மேக்ரோதான் இதற்குச் சரி, கருக்கா."

"மேக்ரோவா! நீங்களா சொல்கிறீர்கள், அக்கா?"

"நான்தான் சொல்கிறேன். எழுது."

கருக்கன் எழுதியது. ஓட்டுவதற்கு முன் விரித்துப் பார்த்தது. மணி ஒரே இடத்தில்தான் இருந்தது, அதுவும் முட்டைச் சோதனைக்குப் பின்னால். அதன்பிறகே ஓட்டியது. மணி அடிக்கவில்லை. வெண்ணி பொத்தானிலிருந்து காலை எடுத்தது. மறுபடி ஓட்டியபோது ஒரே ஒரு முறை அடித்தது.

சில நாளில் இரண்டு குஞ்சுகள் வெளியே வந்தன. வெண்ணி அவற்றைக் கருக்கனிடம் கொண்டுவந்து காட்டியது. ஆனால் அதைப் பக்கத்தில் விடவில்லை. கருக்கன் தலைகுனிந்து தள்ளியே நின்றது.

எளிய வழியால் முடியும் வேலையை எளிய வழியால்தான் செய்ய வேண்டும். அதனால் முடியாது என்று கண்ட பிறகே வல்லமை மிகுந்த வழியை, அது என்ன செய்யும் என்று விரித்துப் பார்த்து, கையில் எடுக்க வேண்டும்.