ஆறப் பொறுத்த வளையல்

அந்தக் காலத்தில் நெருப்பு, மணல், வெண்காரம் எல்லாமே வாய்விட்டுப் பேசின. மனிதர்கள் காதில் வாங்கினார்களா என்று கேட்காதீர்கள். நாம் எந்தக் காலத்தில் வாங்கியிருக்கிறோம்?

பொம்மக்கா கண்ணாடி வளையல் செய்கிறவள். அவள் மகள் சீரங்கிக்கு ஏழாம் மாதம். முன்பு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. இந்தப் பிள்ளையும் இரண்டு நாளாக அசையவில்லை. வந்து பார்த்த மருத்துவச்சி, நாளைக்கே வளைகாப்புப் போடு, வளையல் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பது புரண்டு கொடுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பொம்மக்கா அப்போதே உலையை மூட்டினாள்.

அவள் உலையில் மணலும் வெண்கார உப்பும் சேர்ந்து உருகித்தான் கண்ணாடி ஆகும். சேர்ந்து உருகுமே தவிர, இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். கொதிக்கிற சூட்டில் வேறு வழியில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடு பாதி இறங்கியதும் முதுகைத் திருப்பிக்கொள்ளப் பார்க்கும். நெருப்புக்கு இது தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே புத்திதான் சொல்லும்: "சிவப்பு மங்குகிற சூட்டில் மட்டும் நிறுத்தாதே. சட்டென்று தாண்டிவிடு. பிறகு வெதுவெதுப்பான சாம்பலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வை."

அன்றைக்கும் சொன்னது. ஆனால் பொம்மக்காவின் பயம் வேறு. சட்டென்று ஆறினால் விரிசல் விடுமே! வளைகாப்பு வளையல் உடைவதாவது? உடைந்தது என்ற சொல்லே அந்த வீட்டில் ஆகாது, பெருகியது என்றுதான் சொல்வார்கள். இருபத்தொரு வளையலையும் தணலில் வைத்து, சூடு இறங்க இறங்க வரட்டியை வைத்து, அந்த மங்கல் சூட்டிலேயே மறுநாள் காலை வரை காத்தாள். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதா என்பார்கள். இவளுக்கு ஆறப் பொறுத்ததுதான் வினையாயிற்று.

நடுச்சூட்டில் மணலும் வெண்காரமும் சண்டையை ஆரம்பித்தன. உன்னால்தான் என் உறுதி போயிற்று என்றது மணல். நான் இல்லாவிட்டால் நீ உருகியே இருக்கமாட்டாய் என்றது வெண்காரம். பேச்சு தடித்து, கண்ணுக்குத் தெரியாத துளிகளாக இரண்டும் பிரிந்துவிட்டன. வெளியே பார்த்தால் ஒரே வளையல். உள்ளே ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.

காலையில் ஒன்றிலும் விரிசல் இல்லை. ஆனால் எல்லாம் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தன. நிழலில் பிடித்தால் நீலம், விளக்கைப் பார்த்துப் பிடித்தால் செம்மஞ்சள். பாழாய்ப் போனது, அழகாகத்தான் இருந்தது! வழக்கம்போலக் கழுவுவதற்காக ஒன்றைப் புளித்தண்ணீரில் போட்டாள். இதுதான் சமயமென்று வெண்காரம் கரைந்து வெளியேறிவிட்டது. மிச்சம் நின்ற மணல் சல்லடையாகத் துளைபட்டிருந்தது. தட்டினால் சத்தமே இல்லை. விரலில் பொடிந்தது. மற்ற இருபதும் புளிப்புப் பட்டால் இதே கதிதான்.

வாசலில் பெண்கள் வந்துவிட்டார்கள். சீரங்கி மணையில் உட்கார்ந்து கையை நீட்டியபடி இருந்தாள். இன்னும் அசையவில்லை என்று அவள் முகமே சொன்னது.

"மிச்சம் இருபதையும் உடைத்து என்னிடம் போடு," என்றது நெருப்பு. "கொதிக்க வைத்துத் திரும்பச் சேர்த்துத் தருகிறேன்."

பெண்ணைப் பெற்றவளே வளைகாப்பு வளையலை உடைப்பதா? பொம்மக்கா கல்லைக் கையில் எடுத்தாள். பெருகியது என்று சொல்லி மழுப்பவில்லை. "நானே உடைக்கிறேன், தெய்வமே, பழி என்னோடு போகட்டும்," என்று ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

உருக்கினாள், வளைத்தாள், சிவப்பு மங்குகிற அந்தச் சூட்டில் ஒரு கணமும் நிற்காமல் முறத்தால் விசிறித் தாண்டினாள், பிறகுதான் சாம்பலில் ஆறவிட்டாள். மூன்று விரிசல் விட்டன. பதினேழு நின்றன, தண்ணீர்போலத் தெளிவாக.

சீரங்கி கையில் ஏற்றிக் குலுக்கினார்கள். ஒன்றும் இல்லை. மறுபடி குலுக்கினார்கள். சீரங்கி மெல்ல விலாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆத்தா, உதைக்குது."

அன்று பிடித்துத்தான் கண்ணாடி நடுச்சூட்டில் நின்றால் பால்போல வெளுத்துப்போகிறது, புளிப்புப் பட்டால் பாதி கரைந்து பாதி நிற்கிறது. வளையல் செய்கிறவர்களும் அந்தச் சூட்டைத் தாண்டும்வரை, பெற்ற மகளே கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.