உப்பு முதல் ஓலை வரை

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று கேட்டு என்னை மடக்காதீர்கள், மகிழ்வண்ணர் என்றொரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை வந்தால் சாயங்காலத்துக்குள் அது சட்டமாகிவிடும். அவருடைய அரண்மனை விகடகவி வேம்பன்.

ராஜா கட்டிக்கொடுத்த கல்லூரி ஒன்று அந்த ஊரில் இருந்தது. அதை நடத்தியது ஒரு சபை. பௌர்ணமிதோறும் ஆசிரியர்கள், மாணவர்கள், நெல் கொடுக்கும் குடியானவர்கள், சமையல்கார நாச்சியாள் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே வரிசையில் உட்காருவார்கள். ஓர் அகப்பை கைமாறிக்கொண்டே வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். தாய் தகப்பன் இல்லாத வேம்பன் முன்பு ஒருநாள் சிபாரிசு ஓலை இல்லாமல் வந்து நின்றபோது ஆசிரியர்கள் தயங்கினார்கள். நாச்சியாள் அகப்பையை வாங்கி, "இவனுக்கும் சேர்த்துத்தான் இன்றைக்கு உலை வைத்தேன்" என்றாள். அவ்வளவுதான், சேர்த்துக்கொண்டார்கள். அந்த நன்றி வேம்பன் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை.

மந்திரி வல்லபராயருக்கு வேம்பனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். அவனை வளர்த்த இடத்தில் கை வைக்க நினைத்தார். அகப்பை ஆளும் கல்லூரி என்று அயல்நாட்டார் சிரிக்கிறார்களாம் என்று ராஜாவின் காதில் போட்டார். ராஜாவுக்குச் சுருக்கென்றது. உடனே சபையைக் கலைத்துவிட்டார். வல்லபராயர் சொல்லச் சொல்ல ஆணை எழுதப்பட்டது: "கல்லூரியில் உப்பு முதல் ஓலை வரை வல்லபராயர் முத்திரையின்றி எதுவும் நடக்கலாகாது. கல்லூரியார் எவரும் கருத்துச் சொல்ல வாய் திறக்கலாகாது." சிபாரிசு இல்லாமல் சபை சேர்த்த முப்பது மாணவர்களும் பௌர்ணமிக்கு மறுநாள் வெளியேற வேண்டும் என்றும் மந்திரி அதில் எழுதவைத்தார்.

வேம்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வேம்பன்கள் தெருவில் நிற்பது கண்ணில் தெரிந்தது. ஆனாலும் முகத்தில் காட்டாமல், பௌர்ணமியன்று கல்லூரியில் விருந்துக்கு ராஜாவும் மந்திரியும் எழுந்தருள வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். மந்திரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வேம்பன் நேரே கல்லூரிக்குப் போய், ஆணையை எழுத்துப் பிசகாமல் நடத்துங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

அடுப்புப் பற்றவைக்க, அரிசி களைய, காய் நறுக்க என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டு விருந்தன்று காலையிலிருந்தே ஓலைகள் மந்திரி வீட்டுக்குப் போயின. அவரும் படித்துப் பார்க்காமல் பெருமையாக முத்திரை குத்தித் தள்ளினார். மத்தியானம் ராஜா இலை முன் உட்கார்ந்தார். நாச்சியாள் பேசாமல் வந்து பக்கத்திலிருந்த மந்திரியிடம் இன்னோர் ஓலையை நீட்டினாள். முந்நூறு பேர் குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று அவர் எழுதித் தர வேண்டும். மந்திரி சமையல்கட்டுப் பக்கமே போகாதவர். ராஜாவோ பார்த்துக்கொண்டிருக்கிறார். தெரியாது என்றால் மானம் போய்விடுமே. மூன்று மரக்கால் என்று எழுதி முத்திரை குத்தினார். ஒரு குடியானவர் தொண்டையைக் கனைத்தார். ஆணை நினைவுக்கு வந்ததும் அடங்கிவிட்டார். நாச்சியாள் எழுதியபடியே உப்பைக் குழம்பில் கொட்டிக் கலக்க, மாணவர்கள் பரிமாறினார்கள்.

ராஜா ஒரு கவளம் வாயில் வைத்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. தண்ணீர் கேட்டார். பரிமாறிய மாணவன் அதற்கும் ஓர் ஓலையை மந்திரியிடம் நீட்டினான்.

"இத்தனை பேரில் ஒருவருக்குமா உப்பின் அளவு தெரியவில்லை?" என்றார் ராஜா.

வேம்பன் கைகூப்பினான். "எல்லோருக்கும் தெரியும், மகாராஜா. தெரிந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது தங்கள் ஆணை. நான் இப்போது கல்லூரியில் இல்லாதவன், அதனால் சொல்கிறேன். அரை மரக்காலே அதிகம்."

மந்திரி அவசரமாக முத்திரை குத்திய பிறகுதான் தண்ணீர் வந்தது. ராஜா வாயைக் கொப்பளித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். மந்திரியாரே, இலையில் மிச்சம் வைக்காதீர்கள் என்றார். ஆணை ஓலையை முறித்துப் போட்டார். சபை கூடட்டும், முப்பது பேரும் இருக்கட்டும், இனி நானும் அந்த வரிசையில் உட்கார்ந்து அகப்பை வரும்வரை பேசாமல் இருக்கிறேன் என்றார். பிறகு வேம்பனுக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்.

"தங்கள் பக்கத்தில் ஓர் இலை, மகாராஜா."

அவனுக்குத்தான் என்று ராஜா நினைத்தார். வேம்பன் போய் நாச்சியாளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தான். முப்பது வருஷம் பந்தியில் உட்காராமல் நின்றே பரிமாறியவள் அவள். புதிதாக வைத்த குழம்பை அதே அகப்பையில் மொண்டு ஊற்றி, "உப்பு சரியாக இருக்கிறதா பாருங்கள், அம்மா" என்றான்.

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். "அன்றைக்கு வைத்த உலை வீண்போகவில்லை, வேம்பா."

வேம்பன் இன்னோர் அகப்பை மொண்டு அவள் இலையில் ஊற்றினான். ராஜா சிரித்துக்கொண்டே தமக்கும் ஊற்றச் சொல்லி இலையை அவன் பக்கம் நகர்த்தினார்.