மச்சானின் சலவைச்சாலை

மகுடவர்ம ராஜாவுக்கு மந்திரிகள் பலர். ஆனால் மச்சான் பதவிக்கு மேல் ஒரு பதவி உண்டா? ராணியின் தம்பி பூபாலன் ஒருநாள் ‘ராஜ சலவைச்சாலை’ திறந்தான். துணி துவைக்க அவனுக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது! பச்சைச் சேலை உள்ளே போனால் பழுப்பாக வரும். ஜரிகை போனால் போனதுதான். ஒரு ஜனம் எட்டிப் பார்க்கவில்லை.

உடனே ராஜாவை நச்சரித்து ஒரு சட்டம் வாங்கினான். நல்ல துணியை வீட்டில் துவைக்கக் கூடாது, ராஜ சலவைச்சாலைக்குத்தான் போட வேண்டும். துவைத்தால் துணி பறிமுதல்! தூ, இதுவும் ஒரு சட்டம்!

அகப்பட்டவள் பூக்கட்டும் செங்கமலம். நாளை அவள் மகளுக்குக் கல்யாணம். கூறைப் பட்டுச் சேலையைப் பூந்திக்கொட்டை போட்டு அலசி, நிழலில் உலர்த்தியிருந்தாள். சேலையோடு அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

“மகாராஜா, இருப்பது இந்த ஒரு பட்டுதான்!” என்று அழுதாள்.

ராஜா நெளிந்தார். “ஏகாம்பரம்! சட்டமும் நிற்கணும், இவள் அழுகையும் நிற்கணும். வழி சொல்லும்.”

சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர் போனவர் ஏகாம்பரம். “சட்டம் சட்டம்தான், மகாராஜா. சேலை சலவைச்சாலைக்கே போகட்டும்.”

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். ராஜாவின் பக்கத்தில் நின்ற பூபாலன் மீசையை முறுக்கினான்.

“கூடவே இதுவும் போகட்டும். வெற்றிலைக் கறை பட்டிருக்கிறது” என்று ஏகாம்பரம் பூபாலன் தோளிலிருந்த பட்டு அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார்.

பூபாலன் இரண்டு கையாலும் அதை இறுக்கிக்கொண்டான். “ஐயையோ, விடுமய்யா! அங்கே போட்டுத் தொலைக்காதீர்! இது நல்ல துணி!”

சபை கொல்லென்று சிரித்தது.

“பின்னே இதை எங்கே துவைக்கிறீர், மச்சான்?” என்றார் ராஜா.

“வீட்டில்தான்... சம்சாரம்...” என்று பூபாலன் அசடு வழிந்தான்.

ராஜா சேலையைச் செங்கமலத்திடம் கொடுக்கச் சொன்னார். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியே போனாள்.

பிறகு ராஜா குரலைத் தாழ்த்தினார். “சலவைச்சாலையை மூடினால் ராணி என்னைச் சும்மா விடுவாளா, ஓய்?”

“நீங்கள் ஏன் மூட வேண்டும், மகாராஜா? ராணியம்மாவின் முகூர்த்தப் பட்டை அங்கே வெளுக்கப் போடுவதாகச் சொல்லிப் பாருங்கள். பூட்டோடு அவர்களே வருவார்கள்!”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பொழுது சாய்வதற்குள் சலவைச்சாலைக் கதவில் பூட்டு தொங்கியது. சாவி ராணியின் இடுப்பில்!