முள்கிளை கட்டிய கழுதை

"கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே செம்பட்டையன் வெள்ளைமூக்கனின் பின்காலைக் கடித்தான்.

காடு எந்தக் காடு என்பதெல்லாம் இருக்கட்டும் பிள்ளைகளே. அங்கே ஓநாய்கள் கழுதைகளைப் பிடித்துப் பட்டியில் அடைத்து வேலை வாங்கின. செம்பட்டையன் அந்த ஓநாய்களின் தலைவன். வெள்ளைமூக்கன் அந்தப் பட்டியிலேயே பிறந்த கழுதை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

வெள்ளைமூக்கனுக்கு ஒரே வேலைதான். அவன் வாலில் இலந்தை முள்கிளை ஒன்றைக் கொடியால் கட்டிவிடுவார்கள். பட்டியிலிருந்து ஆற்றங்கரை வரை அவன் அதை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். மண்ணில் கிடக்கிற காலடித் தடமெல்லாம் அழிந்துபோகும். எந்த வழி எங்கே போகிறது என்பது ஓநாய்களுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். மான்களுக்கும் தெரியக்கூடாது, கழுதைகளுக்கும் தெரியக்கூடாது. தடத்தைப் படிக்கிற கழுதைக்குக் கண் அழுகிவிடும் என்று வேறு சொல்லிவைத்திருந்தார்கள். கழுதைகளும் நம்பி, தரையையே பார்க்காமல் நடந்தன.

அன்றைக்கு ஒரு தடம் அழியாமல் விட்டுப்போயிற்று. அதற்குத்தான் கடி.

"இது என்ன?" என்று கேட்டான் செம்பட்டையன்.

"தெரியலீங்க."

"மான். நுனி ஆழமா இறங்கியிருக்கு பாரு, அப்படின்னா ஓடியிருக்கு. அங்க கிடக்கிறது முயல். ஓரம் இடிஞ்சிருந்தா பழைய தடம், இடியலைன்னா புதுசு. இனிமே ஒண்ணு விட்டாலும் அடுத்த காலும் போயிரும்."

பக்கத்தில் நின்ற ஓநாய்க்கு இது சரியாகப் படவில்லை. "தலைவரே, இவனுக்குப் போய் இதெல்லாம் சொல்லிக் குடுக்கறீங்களே?"

"சொல்லிக் குடுக்கலடா, திட்டறேன். கழுதை மண்டையில என்ன ஏறப்போகுது?"

ஏறியது. அழிக்க வேண்டுமென்றால் முதலில் பார்த்தாக வேண்டும். இது செம்பட்டையனுக்குத் தோன்றவே இல்லை. தினமும் வந்து திட்டினான். திட்டத் திட்ட வெள்ளைமூக்கன் கற்றுக்கொண்டான். கண் அழுகவில்லை.

ஆனால் படிப்பு அவனுக்குச் சந்தோஷத்தைக் கொடுத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மற்றக் கழுதைகள் வைக்கோலைப் பற்றிப் பேசும், ஈயைப் பற்றிப் பேசும், படுத்துத் தூங்கும். அவனுக்குத் தூக்கம் வரவில்லை. தரையில் மான் ஒன்று தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகத் திரும்பிப் போயிருக்கிறது. யாரும் அதை விரட்டவில்லை, யாரும் அதன்மேல் சுமை ஏற்றவில்லை. இதைப் படித்தபிறகு வைக்கோல் எப்படி இறங்கும்? பக்கத்துக் கழுதையிடம் சொல்லிப் பார்த்தான்.

"இங்க பாரு, இந்த மான் தன் பாட்டுக்குப் போயிருக்கு."

"உன் கண்ணு அழுகட்டும், என் கண்ணை விடு" என்று அந்தக் கழுதை எழுந்து அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. "பண்டிதர் வர்றார்" என்று மற்றவை கனைத்தன. பிறகு அவன் பக்கத்தில் யாரும் படுக்கவில்லை. அவனைச் சுற்றி மட்டும் தரை காலியாகக் கிடந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அவன் முள்கிளையோடு பட்டியை விட்டு வெளியே வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம், அவன் வழக்கமாகப் படுக்கிற இடத்துக்கு நேராக, ஈரமண்ணில் ஒரு குளம்புத் தடம் இருந்தது. கழுதைக் குளம்பு. நட்டநடுவே பிளவு. வெகுநேரம் ஒரே இடத்தில் நின்ற மாதிரி ஆழமாகப் பதிந்திருந்தது.

அந்தப் பிளவை அவனுக்குத் தெரியும். குட்டியாக இருந்தபோது அந்தக் காலடியில்தான் முகத்தை வைத்துப் படுத்திருப்பான். அது அவன் அம்மாவின் குளம்பு.

"உங்கம்மா உன்னைப் போட்டுட்டு ஓடிப்போனவ" என்றுதான் ஓநாய்கள் அவனிடம் சொல்லியிருந்தன.

பட்டியில் வயதான கழுதை ஒருத்தி உண்டு. ஒரு காதில் பாதியை ஓநாய் கடித்துத் தின்றுவிட்டதால் அவளுக்கு அரைக்காதி என்று பெயர். அவன் நேராக அவளிடம் போனான்.

"அக்கா, எங்கம்மா இங்க வர்றாளா?"

அரைக்காதி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். "எப்பவாவது வருவா. ஆத்துக்கு அக்கரையில காட்டெருமைங்களோட இருக்கா. ஓநாய்ங்க அங்க கால் வைக்காது. நீ தூங்கும்போது வந்து வேலிகிட்ட நின்னு பாத்துட்டுப் போவா."

"ஏன் என்னை எழுப்பலை?"

"எழுப்பினா கத்துவே. நீ கத்தினா ஊரே முழிச்சுக்கும். அவளையும் கடிச்சுப் போட்டுருவாங்க." அவளே மேலும் சொன்னாள்: "தடம் விட்டுட்டுப் போறேன், என்னைக்காவது பாத்துப் பின்னால வருவான்னு சொன்னா. நீதான் காலையில எழுந்து துடைச்சுடுவியே."

அம்மா எத்தனை தடவை வந்தாளோ, அத்தனை தடவையும் அவனே அவளை அழித்திருக்கிறான். செம்பட்டையன் கடித்த காலைவிட இது அதிகமாக வலித்தது.

"நான் போறேன்" என்றான்.

"போ. ஆனா துடைச்சுக்கிட்டே போ. நீ வேலை பாக்கறேன்னு நினைச்சுக்குவாங்க, சாயங்காலம் வரைக்கும் தேட மாட்டாங்க. தடத்தை விட்டேன்னு வை, முழிச்ச உடனே பின்னாலயே வந்துருவாங்க."

"துடைச்சுட்டா நீங்க எப்படி வருவீங்க?"

"நாங்களா? எங்களுக்கு என்ன படிக்கவா தெரியும்?"

அவன் தன் முன்னங்காலை அவள் எதிரில் மண்ணில் அழுத்தி எடுத்தான். "இதைப் பாருங்க. இந்த வளைவு எந்தப் பக்கம் பாக்குதோ, அந்தப் பக்கம் நான் போயிருக்கேன். பாடம் அவ்வளவுதான்."

அரைக்காதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பாதிக் காது மட்டும் அவன் பக்கமே இருந்தது.

அவன் கிளம்பினான். வாசலில் செம்பட்டையன் தின்ற மயக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டே, "ஆறு வரைக்கும் ஒண்ணு விடாம துடைக்கணும்" என்றான்.

"சரிங்க."

பழக்கதோஷம், கொஞ்ச தூரம் துடைத்துக்கொண்டேதான் போனான். பிறகு திரும்பிப் பார்த்தான். பின்னால் மண் வழுவழுவென்று கிடந்தது. அவன் என்று ஒருவன் பிறந்து அந்த வழியாக நடந்ததற்கு அடையாளமே இல்லை. அம்மாவின் தடமும் இல்லை.

நெருக்கமாக நின்ற இரண்டு மரங்களுக்கு நடுவே கிளையை மாட்டவிட்டு இழுத்தான். கொடி அறுந்தது. வாலில் கொஞ்சம் மயிரும் போயிற்று. திரும்பிப் பட்டி வாசல் வரைக்கும் வந்து, செம்பட்டையன் இன்னும் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு, முதலிலிருந்து நடந்தான், ஒவ்வொரு குளம்பையும் அழுத்தி அழுத்தி. கிளை கிடந்த இடத்துக்கு அப்பால் அம்மாவின் தடம் அழியாமல் இருந்தது. அதன்மேல் மிதிக்காமல் பக்கத்திலேயே நடந்தான்.

ஆறு கண்ணில் படும்போது பின்னால் ஊளை கேட்டது. தடத்தைப் பார்த்துவிட்டார்கள். ஓடினான். மண் சரிய, தண்ணீரில் விழுந்து, மூக்கை மட்டும் மேலே வைத்து நீந்தினான். செம்பட்டையன் கரைக்கு வந்தபோது அக்கரையில் காட்டெருமைகள் கொம்பைத் தூக்கிப் பார்த்தன. செம்பட்டையன் தண்ணீரில் கால் வைக்கவில்லை. நின்று கத்திவிட்டுத் திரும்பிப் போனான்.

அக்கரையில் அம்மா இல்லை. பிளவுக் குளம்பின் தடம் மட்டும் மேட்டின்மேல் ஏறிப் போயிற்று. வெள்ளைமூக்கன் நனைந்த உடம்போடு தனியாக நின்று, வந்த வழியைப் பார்த்தான். எதிர்க்கரைச் சேற்றில் இரண்டு தடங்களும் பக்கம் பக்கமாக, ஆற்றைப் பார்த்தபடி தெளிவாகக் கிடந்தன.

துடைத்துவிட்டு வா என்று சொன்னான் செம்பட்டையன். துடைத்துக்கொண்டே போ என்று சொன்னாள் அரைக்காதி. அவன் துடைக்கவில்லை.

நீதி: தப்பிக்கும் வழியைப் படித்தவன், அதைப் பின்னால் வருபவர்களுக்கும் விட்டுவைக்க வேண்டும்.