சிங்கக் குவளையும் பாதி மீசையும்

தூவானக்கோட்டை என்று ஒரு ராஜ்யம். மலை, மழை, தேயிலை மூன்றுக்கும் அங்கே குறைவில்லை. புத்திக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு. ராஜா சிங்கமுத்து ராயர் தினமும் காலையில் மனுக்களைக் கேட்டுக்கொண்டே ஒரு குவளை தேநீர் குடிப்பார். அதற்குப் பிறகுதான் மற்ற காரியமெல்லாம்.

அவருக்காக அலங்கார மந்திரி தில்லைநாயகம் ஒரு தங்கக் குவளை செய்து கொடுத்தார். இலையைப் போடுவதற்கு உள்ளே ஒரு குட்டிக் கூடு தொங்கும். மந்திரிக்கு அழகு தெரியும், தேநீர் தெரியாது. கூடு எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை. வெந்நீரில் இலை விரிய இடமே கிடையாது. ஓட்டைகளையாவது சிறிதாகப் போட்டாரா? ஒவ்வொன்றையும் ஒரு சிங்கமாக வெட்டி வைத்தார். தூள் முழுவதும் சிங்கங்களின் வழியாகத் தேநீரில் இறங்கியது.

இது போதாதென்று, ராஜாவின் குவளைக்குள் வேறு யாரும் கைவிடக் கூடாது என்று ஒரு வழக்கம். ராஜாவோ வாளைத் தவிர எதையும் தூக்க மாட்டார். அந்த வாளும் கடைசியாக வெட்டியது ஒரு பலாப்பழத்தை. ஆகவே கூடு உள்ளேயே கிடக்கும். இலை ஊறும், ஊறும், ஊறிக்கொண்டே இருக்கும்.

முதல் நாளே தேநீர் கஷாயமாகக் கசந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியுமா? குவளையில் ராஜமுத்திரை இருக்கிறது. அதைக் குறை சொல்கிறவருக்குப் பாதி மீசை மழிக்கப்படும் என்று மந்திரி முன்கூட்டியே ஓர் ஆணை வாங்கி வைத்திருந்தார். ராஜாவுக்கு விலக்கு உண்டு என்று அதில் எழுத மறந்துவிட்டார்கள். அவருக்கும் பெரிய மீசை.

எனவே ராஜா பல நாள் பல்லைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு, கடைசியில் தேநீர் போடும் அம்மாக்கண்ணு மேல் பாய்ந்தார்.

"நாளைக்கும் கசந்தால், பொழுது சாய்வதற்குள் ராஜ்யத்தை விட்டே போய்விடு!"

மந்திரி உள்ளூரச் சிரித்தார். தன் மச்சினனை அந்த வேலையில் உட்கார வைக்க அவர் நாலு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாக்கண்ணு அழுதுகொண்டே கூத்தபிரானிடம் ஓடினாள். சபையில் மனுக்களை வாசிப்பவர் அவர். வாய் நீளம், மூளை அதைவிட நீளம்.

"ஐயா, இருபது வருஷமா இந்தக் கையாலதான் தேத்தண்ணி போடுறேன். அதே இலை, அதே தண்ணி. அந்தப் பாழாப்போன குவளைக்குள்ள போனா கசக்குது. இனி நான் எங்கய்யா போவேன்?"

"நீ சொல்லிவிட்டாய். எனக்கு மீசை இருக்கிறதே!" என்று அதைத் தடவினார் கூத்தபிரான். "சரி, ஓர் அகலமான மண் குவளை வாங்கு. அதன் வாய் அளவுக்கு, அடிவரை இறங்குகிற பித்தளைச் சல்லடை ஒன்று பார். கண் பொடியாக இருக்கட்டும். தூக்குவதற்குப் பிடி வேண்டும். மேலே ஒரு மூடி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

மறுநாள் சபை கூடியது. அம்மாக்கண்ணு அடுக்களையில் மண் குவளையில் இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி மூடினாள். இலை தாராளமாக விரிந்தது. நிறம் இறங்கியதும் மூடியை எடுத்துக் கவிழ்த்து வைத்து, சல்லடையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். தேநீர் சபைக்குப் போனது.

"மன்னா, மந்திரியாரின் மச்சினர் போட்ட தேநீர் இது. மந்திரியாரே ருசித்துச் சொல்லட்டும்" என்றார் கூத்தபிரான்.

மந்திரி ஒரு வாய் குடித்தார். "ஆஹா! என்ன நிறம், என்ன மணம்! அம்மாக்கண்ணு ஏழு ஜன்மம் எடுத்தாலும் இப்படி வராது, மன்னா!"

ராஜாவும் வாங்கிக் குடித்தார். பல நாளைக்குப் பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"மன்னிக்க வேண்டும், மாற்றிச் சொல்லிவிட்டேன்" என்றார் கூத்தபிரான். "போட்டது அம்மாக்கண்ணுதான். மச்சினர் இன்னும் எழுந்திருக்கவில்லை."

சபை கொல்லென்று சிரித்தது. மந்திரியின் முகம் கறுத்தது.

"அதே இலை, அதே வெந்நீர், அதே கை. இப்போது தங்கக் குவளையில் போடுவோம். வழக்கப்படி யாரும் உள்ளே கைவிட வேண்டாம். செய்தவரே ருசிக்கட்டும். அதுவரை நான் ஒரு மனுவை வாசித்துவிடுகிறேன்."

காணாமல்போன ஓர் எருமையைப் பற்றிய மனு அது. நாற்பது வரி. கூத்தபிரான் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை வாசித்தார். மனுவின் கடைசி வரியில் எருமை கிடைத்தபோது தேநீர் எருமை நிறத்துக்கு வந்திருந்தது.

மந்திரி ஒரு மிடறு விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"கசக்கிறதா?" என்று ராஜா ஆசையோடு கேட்டார்.

மந்திரியின் கை மீசைக்குப் போனது. வாசலில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவரை யார் வரச் சொன்னார்கள் என்று கூத்தபிரானுக்குத் தெரியவே தெரியாதாம்.

"அ... அமிர்தம், மன்னா!"

"கேட்டீர்களா, மன்னா? கசக்கவில்லையாம். அம்மாக்கண்ணு மேல் குற்றமே இல்லை!" என்றார் கூத்தபிரான். "ஆனால் இவ்வளவு அமிர்தத்தையும் தாங்கள் ஒருவரே குடிப்பது தர்மமா? குவளையை மந்திரியாருக்கே பரிசாகக் கொடுங்கள். தினமும் இதே சபையில், கடைசிச் சொட்டு வரை குடிக்கட்டும். மனு வாசிக்க நான் இருக்கிறேன்."

"கொடுத்தேன்!" என்று ராஜா துள்ளி எழுந்தார். மண் குவளையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அன்றே சல்லடையைத் தன் கையாலேயே தூக்கவும் பழகிவிட்டார். அம்மாக்கண்ணுவின் வேலை நிலைத்தது. கூத்தபிரானுக்கு ஒரு முத்துமாலை.

இரண்டாம் நாள் வாய்க்கால் தகராறு. எழுபது வரி.

மூன்றாம் நாள் காலை, கூத்தபிரான் மனுவைக் கையில் எடுப்பதற்குள் மந்திரி வேகவேகமாகச் சபைக்குள் வந்தார். பாதி மீசையை அவரே மழித்துக்கொண்டு வந்திருந்தார்.

"கசக்கிறது, மன்னா! கசக்கிறது!"

ராஜா சிரித்த சிரிப்பில் மண் குவளை தளும்பியது. கூத்தபிரான் மட்டும் சிரிக்காமல், தங்கக் குவளைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மந்திரியாரே, இன்றைக்கு இன்னும் ஊற்றவே இல்லையே!"