ஒரு பெயருக்காக மூண்ட சண்டை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. அதில் பொய் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனாலும் கேட்டு முடிக்கும்போதெல்லாம் ஏதோ சொல்லாமல் விடப்பட்டது போல இருக்கும். சொன்னவர் தவசிமுத்து. நெல்லைச் சீமையில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர், போதை ஒழிப்பு மன்றத்தின் பொறுப்பாளர். வேறொரு பள்ளியில் எனக்கும் அதே பொறுப்பு. பயிற்சிக் கூட்டங்களில் அவர் இதைப் புதிராகப் போடுவார். அவர் போட்டபடியே தருகிறேன்.

உறுதிமொழியிலும் ஊர்வலத்திலும் தவசிமுத்துவுக்கு நம்பிக்கை கிடையாது. வகுப்பில் அவரே போதைப் பாக்கு விற்பவனாக மாறுவார். ஒரு பிள்ளையை எதிரே நிறுத்திக் கெஞ்சுவார், கேலி செய்வார், மிரட்டுவார். பிள்ளை "வேண்டாம்" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"காரணம் சொல்லாதீங்க. சொன்னா அதுக்கு அவன் ஒரு பதில் வச்சிருப்பான். வேண்டாம்னா வேண்டாம்" என்பார்.

ஒன்பதாம் வகுப்பு இசக்கிச்செல்வியை மட்டும் அவரால் அசைக்கவே முடிந்ததில்லை.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மென்று துப்பிய பாக்கும் கிழிந்த உறைகளும் கிடந்தன. முந்திய இடைவேளையில் அங்கே இரண்டு பேர் நின்றதைக் காவலாளி பார்த்திருந்தார். ஒருத்தி இசக்கிச்செல்வி, எதிரில் இருப்பவரின் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மற்றவரின் முகம் தெரியவில்லை.

தலைமை ஆசிரியர் அருமைநாயகம் அவளையும் தவசிமுத்துவையும் தம் அறைக்கு வரவழைத்தார். அவர் கொண்டுவந்திருந்த விதி எல்லோருக்கும் தெரியும்: பாக்குடன் பிடிபட்டால் டி.சி. முந்தின வருடம் அப்படி அனுப்பப்பட்ட ஒருவன் இப்போது பேருந்து நிலையத்தில் பட்டப்பகலில் மென்றுகொண்டு திரிகிறான். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

"யாரு அது?"

"சொல்ல மாட்டேன் சார்."

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஏன் சொல்ல மாட்டே?"

"காரணம் சொல்ல வேண்டியதில்ல சார்."

அருமைநாயகம் மேசையை அறைந்தார். தவசிமுத்து பக்கம் திரும்பி, "நல்லா வளத்திருக்கீரு. நீரே கேளும்" என்று இருவரையும் வெளியே அனுப்பினார்.

வராந்தாவில் தவசிமுத்து குரலைத் தாழ்த்தினார். "செல்வி, எங்கிட்ட மட்டும் சொல்லு. உன் நல்லதுக்குத்தான் கேக்கேன்."

"கிளாஸ்ல பாக்கு விக்கும்போதும் இதே குரல்லதான் சார் கேப்பீங்க."

அவளே கொஞ்சம் இறங்கி வந்தாள். "டி.சி. குடுக்க மாட்டோம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்னு சத்தியம் பண்ணுங்க. இப்பமே சொல்லுதேன்."

டி.சி. அவர் கையில் இல்லை. ஒரு சத்தியம் செய்தால் பெயர் வந்துவிடும். ஆனால் அதைக் காப்பாற்ற அவரால் முடியாது. காப்பாற்ற முடியாத சத்தியத்தைச் சொல்லிப் பிள்ளையிடம் பெயரைக் கறப்பதும் வியாபாரம்தான் என்று அவருக்குப் பட்டது.

"என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா" என்றார்.

அவள் போட்ட நிபந்தனையை உள்ளே போய்ச் சொன்னார். அருமைநாயகம் கொதித்தார்.

"எனக்கே நிபந்தனையா? ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும்வே. இங்க நானூறு பிள்ளைய படிக்கு. அந்த டி.சி.ய இவளே வாங்கிட்டுப் போகட்டும்."

தாய் ஆவுடையம்மாளுக்கு ஆள் போனது. சுற்றிக்கொண்டிருந்த பீடியை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். விரல் நுனிகளில் புகையிலைத் தூள் ஒட்டியிருந்தது. அருமைநாயகம் அதைப் பார்த்தார்.

"பீடி சுத்துற வீட்டுப் பிள்ளைக்குப் புகையில வாசம் பழக்கந்தானே."

"ஆமா, சுத்துதேன். அந்தத் தூளு என் நெஞ்சுக்குள்ள கெடக்கு. அதனாலதான் எம்பிள்ளைய இந்தச் சாரு கிளாஸுக்கு அனுப்புனேன்." பிறகு தவசிமுத்துவைப் பார்த்தாள். "எவன் மெரட்டுனாலும் வேண்டாம்னு சொல்லுன்னு சொல்லிக் குடுத்தீய. உங்ககிட்டயே சொன்னா மட்டும் சுடுதோ?"

"சொல்லிட்டா பிரச்சினையே இல்லம்மா" என்றார் தவசிமுத்து.

"யாருக்குப் பிரச்சினை இல்ல? உங்களுக்கா?" என்று மகளின் கையைப் பிடித்தாள். "குடுங்க டி.சி.ய. இந்த மதிலுக்கு வெளியவும் பள்ளிக்கூடம் இருக்கு."

இசக்கிச்செல்வி பக்கத்து ஊரில் சேர்ந்தாள். நன்றாகப் படித்துச் செவிலியர் பயிற்சிக்கும் போய்விட்டாள். பெயரைக் கடைசிவரை அவள் சொல்லவே இல்லை.

மொத்தப் பள்ளியையும் காக்க வேண்டும் என்று ஒரு பெயர் கேட்டார் தலைமை ஆசிரியர். பொய்ச் சத்தியம் செய்ய மறுத்தார் ஆசிரியர். ஒரு பிள்ளை தெருவுக்குப் போய்விடக் கூடாது என்று வாயைத் திறக்க மறுத்தாள் மாணவி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

தவசிமுத்து சொல்லும் விடை இது: "தலைமை ஆசிரியர் எல்லோரையும் எண்ணினார், அந்த ஒருவரை எண்ணவில்லை. நான் பொய் சொல்லவில்லை, ஆனால் அவளுக்காகச் சண்டையும் போடவில்லை. அவள் ஒருத்திதான் தன் படிப்பையே பணயம் வைத்தாள். ஆகவே அவள் செய்ததே சரி." கூட்டம் கை தட்டும். நானும் தட்டுவேன். வீடு திரும்பும் வழியெல்லாம் தட்டிய கை எனக்கே பிடிக்காது. மூன்று பேரும் அவரவர் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்த அறையில் அடித்துக்கொண்டது பெயருக்காக. போன மாதம் கூட்டம் கலைந்து, தேநீர்க் கடையில் நாங்கள் இருவர் மட்டும் நின்றபோது அவரிடம் கேட்டேவிட்டேன்:

"தவசி, இசக்கிச்செல்வி போன பிறகும் அந்தப் பாக்க மென்ன பிள்ள உங்க பள்ளிக்கூடத்துலதான இருந்திருக்கும். அதத் தேடி நீங்க ஒரு நாளாவது போனீங்களா?"